எண்பது கிலோ ஏறாத காரணம்

மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்கள் ஐந்து முறை தூக்கிய எண்பது கிலோ, திங்கட்கிழமை ஒருமுறைகூட ஏன் ஏறவில்லை? உங்கள் பயிற்சி நோட்டை எழுதுகிறவள் நான். எவ்வளவு புரட்டியும் பிடிபடவில்லை. முட்டையும் குறையவில்லை, தூக்கமும் குறையவில்லை. அந்த எரிச்சலில்தான் நேற்று "உடம்பு வணங்காத ஆளு" என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீயே போய்த் தூக்கு" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

கப்பைக் கிழங்கு அவித்திருக்கிறேன். சாளை மீன் குழம்பைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள்.

காலையில் உங்கள் சட்டையை உதறினேன். மிளகுத் தூசி பறந்து தும்மல் வந்தது, அப்போதுதான் உறைத்தது. தை பிறந்ததிலிருந்து மிளகுக் கிட்டங்கியில் நாளுக்கு நூறு மூட்டை சுமக்கிறீர்கள். நோட்டில் ஜிம்மில் தூக்கியதை மட்டும் எழுதினேன், மூட்டையை எழுதவேயில்லை. உடம்புக்கு இரும்பும் மூட்டையும் ஒன்றுதான். பாரம் தசையைக் களைக்க வைக்கும். களைப்பு ஆறும்போதுதான் அது பலமாகும். ஆறவே விடாமல் வாரா வாரம் நான் தடவைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். தப்பு என்னுடையது.

சாவி எப்போதும்போல பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சியிடம்.

பேச்சி

எழுத மறந்தது: கலூர் பளுதூக்கும் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது, பயம் வேண்டாம். முழுக்க நிறுத்தினால் கை பழக்கம் விட்டுப்போகும், அதனால் ஜிம்முக்குப் போங்கள். இந்த வாரம் நாற்பது கிலோ மட்டும், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை. களைக்கும் முன்னே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த திங்கள் எழுபத்தைந்தில் தொடங்கலாம்.