மணையைக் கீழே வைக்காதவனுக்கு

அண்ணா,

இன்று காலை தெற்கு மாட வீதியில் ஈரக் களிமண் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பிள்ளையார் சதுர்த்தி. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் நம் வீட்டில் பண்டிகை கிடையாது. அம்மாவுக்கு மாத்திரை வாங்கத்தான் வந்தேன். எருக்கமாலைக்கும் காகிதக் குடைக்கும் பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவே மாத்திரைப் பையோடு நின்றவள் நான் ஒருத்திதான்.

சின்ன வயதில் நம்மை அனுப்பும்போது அம்மா உன்னிடம் கோலம் போட்ட மணையைக் கொடுப்பாள். என்னிடம் மஞ்சள் பை. "பிள்ளையார மணையில வெச்சிட்டா, வீடு வர்ற வரைக்கும் எங்கயும் கீழ எறக்கக் கூடாது, புரியுதா?" என்பாள். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரப் பிள்ளையார் லேசுப்பட்ட கனமா? உனக்கோ குச்சிக் கை. குளத்தைத் தாண்டுவதற்குள் நடுங்க ஆரம்பித்துவிடும். "கொஞ்சம் அந்தச் செவுத்து மேல வெய்யேண்ணா" என்றால் முறைப்பாய்.

அப்போது பார்த்துத்தான் உனக்கு மூக்கு அரிக்கும். வருஷம் தவறாமல்! "ஏய், மூக்குடி... சீக்கிரம்!" என்று கோணல் முகத்தோடு குனிவாய். நான் எட்டிச் சொறிவேன். "அங்க இல்லடி!" என்பாய். எந்தப் பக்கம் என்று காட்டவும் உனக்குக் கை கிடையாது. நான் வேண்டுமென்றே தாடையைச் சொறிவேன். நீ கத்துவாய். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா நைனா, சாமிய கைல வெச்சிக்கினு சண்ட போட்டுகினுகீற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் நல்ல மழை. காகிதக் குடை கரைந்தே போனது. நீ பிள்ளையார்மேல் கவிழ்ந்தபடியே வந்தாய், முதுகெல்லாம் தொப்பல். அப்படியும் கண்ணுக்கு வைத்த குன்றிமணி ஒன்று வழியில் விழுந்துவிட்டது. "ஒத்தக் கண்ணோடவா கூட்டினு வந்தீங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணடிக்கிறாரும்மா" என்றாய். திட்ட வந்தவள் சிரித்துவிட்டாள்.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் நீதான் மணையைத் தூக்கினாய். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் உன் இரண்டு கையிலும் ஊசி, டியூப். அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேச்சே குறைந்துபோயிருந்தது. என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தாய். எனக்கா புரியாது? சொறிந்துவிட்டேன். "அங்க இல்லடி" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. பாவி, கடைசியாகச் சொல்லிவிட்டுப் போக உனக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, உடனே அழுகையும் வந்துவிடுகிறது.

நாம் வழக்கமாகப் பிள்ளையார் வாங்கும் கடைக்கார அம்மா இன்று என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாம்மா, அண்ணன் வரல? அவருக்கோசரம் நல்லதா ஒண்ணு எட்த்து வெச்சிகீறேன்."

"அடுத்த வருஷம் வர்றோம்மா" என்றேன். யார் யார் வரப்போகிறோமோ!

மணை பரண்மேல் இருக்கிறது. அடுத்த வருஷம் நான்தான் தூக்குவேன். கை ஒடிந்தாலும் கீழே வைக்க மாட்டேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் குளத்தைத் தாண்டும்போது எனக்கு மூக்கு அரிக்குமே அண்ணா, அப்போது யாரைக் கூப்பிடுவேன்?