லோஞ்சில் பிறந்த டொக்டர்

மூதூர்
தை 20

என் அன்பு மகள் சுதர்சிகாவுக்கு,

அம்மம்மா சுகம். போனில் கதைத்தால் "ஓம் அம்மம்மா, ஓம் அம்மம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதுதான் எழுதுகிறேன்.

டொக்டர்மார் தங்கட துறையை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் வேலையோடு ஆராய்ச்சியும் செய்கிறாயாம். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் உன்ர துறையை நீ பிறந்த அன்றைக்கே நான் தெரிவு செய்தாயிற்று. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகிற லோஞ்சுப் படகில், பாதிக் கடலில் உன்னைப் பெற்றுவிட்டு என்ர சசி கண்ணை மூடினாளே, அன்றைக்கு. நீ பிள்ளைப்பேற்று டொக்டராகத்தான் இங்கே வரவேணும். பக்கத்து வீட்டு ஜெஸீமாவுக்கு வயிற்றில் நாலு மாதம். "உங்கட டொக்டரம்மா வரும்வரைக்கும் பொத்திக்கொண்டு இருப்பன்" என்று பகிடி விடுகிறாள்.

உன்ர அம்மா நேற்றும் வந்தவள். விளக்கு வைத்த கையோடு அடுப்பு மூட்டப் போனால் குசினி வாசலில் நிற்கிறாள். சீலையில் கடல் தண்ணீர் சொட்டுது. "பிள்ளை எந்த டொக்டர்?" அதே கேள்விதான். நிலத்தைத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

அம்மம்மா

கொழும்பு
மாசி 11

அன்பு அம்மம்மா,

பல டொக்டர்மாரிடம் கேட்டுவிட்டேன். பரீட்சைப் புள்ளிகள் என்றார் ஒருவர், குடும்பத்துக்கு நேரம் கிடைக்கும் என்றார் இன்னொருவர். ஒரு கண் வைத்தியர் மட்டும், "என் வார்டில் ஒருவரும் சாவதில்லை, பிள்ளை" என்றார். அதை எழுதிய இடத்தில் கொப்பியை மூடிவிட்டேன்.

பிரசவ அறையில் எனக்குக் கை நடுங்குகிறது, அம்மம்மா. நீங்கள் சொல்லிச் சொல்லி அந்த லோஞ்சின் இரைச்சல் எனக்கும் கேட்கிறது. ஒருநாள் ஒரு தாயை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன். வேறு டொக்டர் இருந்ததால் அவள் தப்பினாள்.

கண் வைத்தியம் படிக்க ஆசைப்படுகிறேன். நீங்கள் சம்மதித்தால்தான் விண்ணப்பிப்பேன்.

சுதர்சிகா

மூதூர்
மாசி 19

சுதர்சிகாவுக்கு,

கண்ணா? உன்ர அம்மா கண் தெரியாமலா செத்தவள்?

நான் சம்மதியேன். அவளுக்கு என்னால் பதில் சொல்ல ஏலாது. நீயே வந்து குசினி வாசலில் நின்று சொல்லு.

அம்மம்மா

மூதூர்
ஆடி 3

என் அன்பு மகளுக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ கோபித்தது சரிதான்.

ஜெஸீமாவுக்குப் பெண் பிள்ளை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனனான். இரத்தம் நிற்கவில்லை என்றார்கள். சஞ்சீவன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் டொக்டர். அவளைக் காப்பாற்றிவிட்டு வெளியே வந்து தேத்தண்ணி குடித்தார். கோப்பை ஆடவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப்போல நானும் ஆராய்ச்சி செய்தேன், மகள். "தம்பி, உங்கட அம்மா பிள்ளைப்பேற்றிலோ செத்தவ?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "என்ன ஆச்சி, அம்மா ஞாயிற்றுக்கிழமை புட்டு அவிச்சுக்கொண்டு வாறா!"

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு சாவும் இல்லை, மகள். வீடு வந்து விளக்கு வைத்தேன். சசி வந்தாள். "பிள்ளை எந்த டொக்டர்?" என்றாள். "கண் டொக்டர். நீ இனி அவளை விடு, நானும் விடுகிறேன்" என்று சொன்னேன்.  என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முற்றத்துப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வரவில்லை. விளக்கு வைத்ததும் பார்க்கிறேன், குசினி நிலம் காய்ந்தே கிடக்குது. இத்தனை வருசம் அவள் துணை இருந்தாள் என்றுதான் நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றமாட்டேன். கண்ணுக்கே விண்ணப்பம் போடு, மகள்.

உன் அம்மம்மா