கோட்டைக்கு வெளியே போகும் வழி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் புது வேலையை ஒப்புக்கொண்டு ஊர் மாறிவிட்டீர்கள். என் தங்கை உங்களோடு வரவில்லை. நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுவிட்டது. நடந்தது இவ்வளவுதான். முதல் இரண்டையும் நீங்களும் அவளும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை நான் விடுவதாக இல்லை. ஃபோனில் சொன்னால் "சரி மச்சான், பாக்கலாம் மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கதை சொல்ல, நான், தங்கை, மருந்துக்கடைக்காரர் மூவரும் பகடை உருட்டி, உங்கள் கோட்டைக்குள் புதையல் தேடிப் போய் பூதங்களிடம் உதை வாங்கிக்கொண்டு வந்தோமே, அதை விட மனசு வருமா? கட்டம் போட்ட தாளில் கோட்டையை வரைந்து, அறைக்கு ஓர் அட்டை வைத்து மூடி, நாங்கள் கதவைத் திறந்த பிறகுதான் அட்டையை எடுப்பீர்கள். இப்போது மேஜை இங்கே, நீங்கள் அங்கே. கம்ப்யூட்டரிலேயே வரைபடம் வரைந்து எல்லார் திரையிலும் காட்டும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. மூன்றை வரவழைத்துத் தட்டிப் பார்த்தேன்.

ஒன்று மலையும் காடும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வரைகிறது. வீட்டுக்குள் ஒரு சுவர் போடச் சொன்னால் முழிக்கிறது. இன்னொன்றை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடலாம், எனக்குப் பிடித்த ரகம். ஆனால் அறையை மூட வழியில்லை, மொத்தத்தையும் பாய் மாதிரி விரித்துவிடும். மூன்றாவது வருட வாடகை. அறைகளை இருட்டாக்கி வைத்து, ஆள் நுழைய நுழைய வெளிச்சம் விடுகிறது. ஒரே படத்தில் பலர் சேர்ந்து வரையலாம் என்றும் போட்டிருக்கிறான். அது நமக்கு எதற்கென்று புரியவில்லை.

எது வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள். மருந்துக்கடைக்காரர் என் குழாய்க் கடைக்கு வந்து வால்வுப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கேன்னு வீட்ல ஒட்டடை அடிக்க விட்டுட்டாங்கண்ணே" என்று அழுகிறார்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

இருட்டு உள்ளதே வேண்டும். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் ஆட்டம் எதற்கு?

இங்கே நாள் முழுக்க லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறேன். பழையவை, பிடிவாதம் பிடித்தவை. சாயங்காலம் அறைக்கு வந்தால் ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். வரைய நிறைய நேரம் இருக்கிறது.

உங்கள் தங்கை ஆட்டத்துக்கு வருவாளா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை

மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கிறோம் என்று பேசி, இருட்டுக்காரனையே பிடித்துவிட்டேன். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல் என்றான். ஒரே கதவுக்கு நாலு சாவி செய்கிறவன் கடை நடத்தினவன் இல்லை. கடைச் சாவி மாதிரி ஒன்றையே நால்வருக்கும் கொடுத்துவிட்டேன்.

தங்கையிடம் "ஆட்டத்துக்கு வர்றியா?" என்று கேட்டேன். "யாரு கேக்கச் சொன்னா?" என்றாள். "மருந்துக்கடைக்காரர்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடவுச்சொல்லை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

மச்சான்

மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

மென்பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது சரியில்லை. வந்த நாளிலிருந்து ஒரே கோட்டையை வரைந்துகொண்டிருக்கிறேன். முந்தாநாள் திறந்தால், கிழக்குச் சுவரில் நான் போடாத ஒரு கதவு. அழித்தேன். இன்று அதே இடத்தில் அதே கதவு, கூடவே படிக்கட்டு, கீழே இறங்கினால் வெளியே போக ஒரு பாதை.

எனக்கும் அலுத்துவிட்டது. கம்பெனி இங்கே ஒரு வீடு தருகிறது. மூன்று வருட ஒப்பந்தம். அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஆட்டத்தை இத்தோடு விட்டுவிடலாம் மச்சான். வராதவர்களுக்காக எத்தனை அறை கட்டுவது?

மாப்பிள்ளை

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

விற்றவனுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், சாஃப்ட்வேர்ல தப்பில்ல. உங்க ஊர்லருந்துதான் மத்தியானம் மத்தியானம் யாரோ உள்ள வந்து வரையிறாங்க" என்றாள். மருந்துக்கடைக்காரர் மத்தியானத்தில் கல்லாவிலேயே குறட்டை விடுகிறவர். நேரே தங்கை வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, நான்தான் போட்டேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"ஏம்மா?"

"அந்தக் கோட்டைய நல்லாப் பாரு. உள்ள போக ஏகப்பட்ட வழி. வெளிய வர ஒண்ணுகூட இல்ல."

"அது ஆட்டம்மா."

"ஆட்டமா? ஊர் மாறப்போறோம்னு எப்பச் சொன்னாரு தெரியுமா? வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து, சாப்பிட உக்காந்தப்ப. அதுவரைக்கும் அட்டைய எடுக்கல. என் வேலை என்னாகும்னு ஒரு வார்த்த கேக்கல. வீட்டுக்குள்ளயும் இவரு கதை சொல்லுவாரு, நான் கதவத் தொறந்து தொறந்து பாக்கணுமா?"

நாற்காலியில் இருந்தவர் அளவுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பத் தெளிவாத் தெரியுதா சார்?" என்று அவரைக் கேட்டாள். "ரொம்பத் தெளிவாத் தெரியுதும்மா" என்றார் அந்த மனுஷன்.

அவள் அண்ணன் என்பதால் சொல்லவில்லை. நானே குழாய் விற்றுப் பிழைக்கிறவன். தண்ணீர் உள்ளே வர மட்டும் வழி வைத்து, வெளியே போக வழி வைக்காத வீடு என்னவாகும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பொங்கி நடுக்கூடத்துக்கு வரும். நீங்கள் செய்தது தப்பு மாப்பிள்ளை.

ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். சாவி அவள் கையில் இருந்தது. கோட்டை முழுவதையும் ஒரே தட்டில் அழித்திருக்கலாம். ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உங்கள் சுவரில் ஒரு கதவு போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று முடிவு கட்டினவள் செய்கிற வேலையா இது?

மச்சான்

ஏப்ரல் 8

அன்புள்ள மச்சானுக்கு,

கதவை அழிக்கவில்லை. அவள் போட்ட பாதையில் போய்ப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெஞ்சு வரைந்திருக்கிறாள். இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்தில் நான் ஒரு மரம் வைத்தேன். மறுநாள் பார்த்தால், மரம் நாலு கட்டம் தள்ளிப் போயிருந்தது. நிழல் பெஞ்சு மேல் விழ வேண்டுமாம், ஓரத்தில் எழுதியிருந்தாள். அவள் சொன்னதுதான் சரி. அப்புறம் நான் ஒரு விளக்கு. அவள் ஒரு நாய். இப்படியே போகிறது.

சொல்லாமல் கையெழுத்துப் போட்டது ஏன் என்று யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். வேறு காரணம் இல்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டு ஒப்பந்தம் இன்னும் மேஜை மேல் அப்படியே கிடக்கிறது. நீங்கள்தான் பேசி முடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 13

மாப்பிள்ளைக்கு,

பேசி முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கெட்டியான ஆளோடு பேரம் பேசியதில்லை. பயம் என்று நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பெட்டிய எடுத்திருப்பேன்" என்றாள்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். மே மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் அங்கே வருவாள். வீட்டையும் பார்ப்பாள், அங்கே உள்ள கண்ணாடிக் கடைகளில் தனக்கு வேலை இருக்கிறதா என்றும் பார்ப்பாள். பிடித்தால் இருவரும் சேர்ந்து கையெழுத்து. பிடிக்காவிட்டால் இங்கே திரும்புவதா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பக்கம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: வந்த அன்றைக்கே பழையதைக் கிளறக் கூடாது. "பாக்கலாம்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மென்பொருள் ஒரு வருடத்துக்கு எடுத்தாயிற்று. இந்தத் தடவை இரண்டு சாவி, அவள் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று. பூதங்களை நீங்கள் இருட்டில் வைத்துக்கொள்ளலாம். கதவுகள் இருவருக்கும் தெரிய வேண்டும். வாடகை வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு, ஆளுக்குப் பாதி.

மச்சான்