குப்பம்மா அத்தை தனியாக உட்கார்ந்திருந்த கூட்டம்

செவ்வாய்க்கிழமை, இரவு

பெண்கள் சங்கக் கூட்டம் தள்ளிப்போனதை வாட்ஸ்அப்பில் போட்டதோடு செயலாளரான என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால், ஏரியில் கையால் இறால் பிடித்துவிட்டு ஈரப் புடவையோடு குப்பம்மா அத்தை சங்கக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாடி, ஒருத்தியும் வரல?"

மெசேஜ் போட்டதைச் சொன்னேன்.

"எனக்குப் படிக்க வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

இதில் பேசியும் அனுப்பலாம் என்று ஃபோனை நீட்டினேன். அத்தை அதில் கத்தினார்: "ஏய் பொண்ணுங்களா, நான் இங்க ஒண்டியா குந்திக்கினு கீறேன். வாங்கடி!"

கூட்டம் என்றாலே சாக்கு சொல்லும் என் வயதுப் பெண்கள் ஐந்து பேர் ஓடி வந்தார்கள். இருட்டும்வரை யாரும் எழவில்லை. இனி அறிவிப்பெல்லாம் அத்தை குரலில்தானாம்.

நான்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. விடிந்ததும், அவர் தண்ணீரில் இறங்குவதற்குள் போய்விட வேண்டும்.