பதினாறு வெள்ளை, ஒரு வெள்ளி

மார்ச் 3, திங்கள்

அலுமினியம், மெருகேற்றிய அலுமினியம், கருத்த அலுமினியம், சூடுபட்ட உலோகம், குரோம். வெள்ளி நிறத்தில் இத்தனை புட்டிகளா? மாடல் கடைக்கார அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். நான் கையை நீட்டித் தடுத்தேன். "செயற்கைப் பல் செய்யறது என் தொழில். வெள்ளையில மட்டும் பதினாறு வகையைக் கண்ணால பாத்தே சொல்லுவேன். எது ரொம்பப் பளபளப்போ அதைக் கொடுங்க" என்றேன். அவர் குரோமை எடுத்துக் கொடுத்தார். அனுபவசாலி, மேதாவிகளிடம் வாதாடுவதில்லை போலிருக்கிறது.

வாங்கியது மச்சானுக்காக. மனைவியின் அண்ணன். விமானப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் தகடு வேலை பார்த்தவர். சாயமே பூசாமல் வெறும் உலோகமாகப் பறந்த ஒரு இரட்டை எஞ்சின் சரக்கு விமானம்தான் அவருடைய செல்லம். அதன் பிளாஸ்டிக் மாடல் கடை ஜன்னலில் இருந்தது. பார்த்ததும் உள்ளே நுழைந்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

போன வருடம் மச்சானின் பணி ஓய்வு விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாய் சும்மா இருந்ததா? "எங்க மச்சான் விமானத்துக்கு ஈயம் பூசுறவர்" என்றேன். ஏதோ வீடு வீடாகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைச் சொல்வதுபோல. கூடமே சிரித்தது. அவருடைய மேலதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். மச்சானும் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. பதினான்கு மாதம் ஆகிறது. மனைவிதான் அவ்வப்போது அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறாள். வந்தால் அங்கே நடந்ததை என்னிடம் சொல்வதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

மன்னிப்பு என்பது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்குப் பதில் நாற்பத்தேழு பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒட்டி முடித்தாயிற்று. கறுப்பு அடிப்பூச்சும் ஆயிற்று. கண்ணாடிபோல மினுங்கும் கறுப்பின் மேல்தான் குரோம் எடுபடுமாம். அடியில் ஒரு தூசி இருந்தாலும் மேலே போடுகிற வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும் என்று கடைக்கார அம்மாள் எச்சரித்திருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "வெள்ளி எப்போ?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்கே."

"கிழமையைக் கேக்கலைங்க. சாயத்தைக் கேட்டேன்."

இந்த விமானத்தைப் பற்றி முதல் தடவையாக அவளாகப் பேசினாள். அதையும் கோட்டை விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதிய இடைவேளையில், பல் செய்யும் கூடத்தில் சாயத்தைக் காற்றோடு பீய்ச்சுகிற ஏர்பிரஷ்ஷை எடுத்துக் குரோம் அடித்தேன். அடடா! இறக்கையில் என் மூக்கு தெரிந்தது. மூக்குத் துவாரம்கூடத் தெரிந்தது. பீங்கான் பல் சுடும் அம்மாள் பக்கத்தில் வந்து, "ரொம்ப அழகா இருக்கு. என்ன இது, டிபன் டப்பாவா?" என்றார்.

அவருக்கு ரசனை போதாது என்று முடிவு செய்தேன். இவ்வளவு பளபளப்பைப் பாதுகாக்க வேண்டாமா? மேலே வார்னிஷ் அடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரோம் சாம்பலாகிவிட்டது. கழுவாத கரண்டி நிறம். புட்டியை எடுத்துப் படித்தேன். "இதன்மேல் எதையும் பூசாதீர்கள்." ஆறு மொழிகளில் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 12, புதன்

சுரண்டினேன்.

மார்ச் 15, சனி

இந்த முறை கடையில் புதிதாக வாங்கி வந்த சாதாரண அலுமினியம். மூன்று மெல்லிய பூச்சு. கையுறை போட்டுக்கொண்டேன். வார்னிஷ் புட்டியை மனைவியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். மூக்கிலிருந்து வால் வரை ஒரே சீரான வெள்ளி. ஒரு குறை சொல்ல முடியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "அண்ணன் வேலை பாத்த விமானம் இப்படியா இருந்துச்சு?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? பட்டறையைப் பார்க்க வரச்சொல்லி மச்சான் கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு வேலை. ஒரு தடவை பல்வலி என்று சொன்னேன். பல் செய்கிறவன் சொல்கிற காரணமா அது?

"நாலு தடவை கூப்பிட்டாரு" என்றாள் மனைவி. எண்ணி வைத்திருக்கிறாள்.

அவர் என்ன செய்தார் என்று ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்காதவன், மேடை ஏறி அவர் வேலையைக் கேலி செய்திருக்கிறேன். சீ.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மச்சானுக்கு போன் செய்தேன். "யாரு?" என்றார். என் எண்ணை அழித்துவிட்டாரா, அழித்ததுபோல் நடிக்கிறாரா? நான்தான் என்றேன். "சொல்லுங்க." முன்பெல்லாம் "சொல்லுங்க மாப்பிள்ளை" என்பார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "மச்சான், உங்க சரக்கு விமானம் என்ன வெள்ளி?"

"எந்தத் தகடு?" என்றார்.

"மொத்தமா."

"மொத்தமான்னு ஒண்ணு கிடையாதுங்க. எஞ்சினுக்குப் பின்னாடி சூடுபட்டுக் கருத்திருக்கும். ஆளுங்க ஏறி நிக்கிற இடம் மங்கிப் போயிருக்கும். புதுசா மாத்தின தகடு பக்கத்துத் தகட்டோட ஒட்டாம வெளிறித் தெரியும். எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு மாடல் செய்யறேன். எல்லா இடத்துக்கும் ஒரே வெள்ளி அடிச்சிட்டேன்."

"நீங்க பல்லு செய்றவர்தானே? ஒருத்தர் வாயில முப்பத்திரெண்டும் ஒரே நிறத்துல இருந்தா அதுக்குப் பேரு என்ன?"

"பல் செட்டு."

"அதைத்தான் செஞ்சு வச்சிருக்கீங்க."

இருபது வருடமாக, கோரைப்பல் முன்பல்லைவிட ஒரு மாற்று மஞ்சளாக இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

"வேற ஏதாவது?" என்றார். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. "அன்னைக்கு மேடையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மச்சான்" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது.

"என்ன? கேக்கல."

முப்பத்தொரு வருடம் ரிவெட் அடிக்கும் இரைச்சல். பாவம், காது போயிருக்கும். குரலை உயர்த்திச் சொன்னேன்.

"காதுல விழலைங்க. சத்தமாச் சொல்லுங்க."

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். "தப்பு என்மேலதான் மச்சான்! ஈயம்னு சொன்னது தப்பு! மன்னிச்சிடுங்க!" கடைசியில் குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு. வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

சரி என்றால்? கேட்டது சரியா, தப்பு என்பது சரியா, போனை வைக்கிற சரியா?

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே மீதி மூன்று புட்டிகளும் மேசைக்கு வந்துவிட்டன. "அன்னைக்கே தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றார் அம்மாள்.

மார்ச் 21, வெள்ளி

வெள்ளியன்று வெள்ளி. ஒட்டுநாடாவால் தகடு தகடாக மறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாடாவை உரித்தபோது இடது இறக்கையில் ஒரு துண்டு சாயமும் கூடவே வந்துவிட்டது. திட்டக்கூடத் தெம்பில்லை. மச்சானிடமிருந்து சேதி இல்லை. மனைவி இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

மச்சான் வந்தார்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. மணி அடித்தது, கதவைத் திறந்தேன், நிற்கிறார். மனைவி அவர் கையைப் பிடித்தவள் ரொம்ப நேரம் விடவில்லை. அவர் விமானத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரிந்த இடத்தையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தூரிகைகளை விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் காபிக்கு உதவுகிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் கிசுகிசுத்தாள். "அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாரு, இல்லைங்க?" குழாயில் தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"இளைக்கலம்மா, சட்டைதான் பெருசு" என்றார் மச்சான், கூடத்திலிருந்து.

குழாயை மூடினேன். மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெதுவாகக் கூடத்துக்குப் போய் அவர் பின்னால் நின்றேன். உரிந்த இடத்தில் கருத்த அலுமினியத்தை மெல்லத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"காது நல்லாத்தான் கேக்குது போல" என்றேன், முணுமுணுப்பாக.

"என்ன மாப்பிள்ளை?" என்றார், தலையை நிமிர்த்தாமல். "சத்தமாச் சொல்லுங்க."