காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள எஞ்சின் ரூம் ராஜாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. இங்கே நானும் உங்கள் வாலு மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் கப்பலும் சௌக்கியமா? போனில் எவ்வளவு நேரம் பேசினாலும், “எப்போ வர்றீங்க?” என்று நான் கேட்கும்போது மட்டும் சரியாக சிக்னல் போய்விடுகிறது. தாளுக்கு சிக்னல் தேவையில்லை. அடுத்த துறைமுகத்தில் ஏஜெண்ட் இதை உங்கள் கையில் கொடுப்பார்.

அந்த வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டாமல் தூக்கிப் போடக் கூடாதாம். தீப்பெட்டியில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அதைத் தொட எனக்கும் அனுமதி இல்லை.

ஆபீசில் இந்த வாரம் நேற்று வரை எல்லோருடைய டீ கோப்பைகளையும் கழுவியது நான்தான். சிரிக்காதீர்கள். சோதனை சர்வரை யார் விழவைக்கிறார்களோ அவர்தான் அன்றைக்குக் கோப்பை கழுவ வேண்டும், அது எங்கள் சட்டம். நாங்கள் மென்பொருள் செய்து கொடுக்கும் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் சர்வருக்குள் ஓடுவதற்கு நானே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். நோயாளிக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்வது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும். சர்வருக்குள்ளேயே ஓடுவதால், அது தடுக்கினால் சர்வரே படுத்துவிடும். அதில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேருடைய இணைப்பும் அறுந்துவிடும். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

என் கணினியில் அது தங்கமாக ஓடியது. ஆஸ்பத்திரிப் பதிவுகளின் நகல் இருக்கும் சோதனை சர்வரில் போட்டால் பொத்தென்று விழுந்தது. சர்வர் தன் நடப்பைக் குறித்து வைக்கும் லாக்கில், விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மண்டை காய்ந்து, கடைசியில் நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்கும் டீபக்கரை மாட்டி, விழுகிற இடத்திலேயே பிடித்து நிறுத்தினேன். தகவல் சொல்ல வேண்டியவரின் பெயரைப் படிக்கும் வரியில் நின்றது. அங்கே பெயரே இல்லை. தனியாக வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. இல்லாத பெயரைப் படிக்கப் போய் என் ஃபங்ஷன் விழுந்திருக்கிறது.

என் கணினியில் இருந்த மாதிரி நோயாளிகளை நானே உண்டாக்கியிருந்தேன். ஒரு கட்டத்தையும் காலியாக விட எனக்குக் கை வராது, உங்களுக்குத் தெரியாததா? டெஸ்டிங் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஊர்ல யாருக்கு என்ன ஆனாலும் உன் வீட்டுக்காரருக்குத்தான் சொல்லணுமா?” என்று கேட்டார். அத்தனை பேருக்கும் உங்கள் பெயரைத்தான் போட்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

கட்டம் காலியாக இருந்தால் ஃபங்ஷனையே கூப்பிடாதே என்று சர்வரிடம் சொல்லிவிடலாம், ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது என்றார் மேனேஜர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் இல்லாதவர்களைத்தானே நர்சுகள் முதலில் கவனிக்க வேண்டும். இப்போது என் ஃபங்ஷன் முதலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ‘யாரும் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லும். என் ஃபங்ஷனால் சர்வர் இப்போது விழுவதில்லை. இன்று வேறு எதையோ செய்து அதை விழவைத்து, கோப்பை கழுவியது மேனேஜர்.

நேற்று உங்கள் கம்பெனியிலிருந்து பேசினார்கள். அடுத்த பயணத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா என்று என்னைக் கேட்கிறார்கள். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டார்கள் போங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன்.

வருவதாக இருந்தால் வருகிறேன் என்று எழுதுங்கள். இன்னொரு பயணம் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு நாள் திட்டுவேன், ஆனால் விழ மாட்டேன். நீங்கள் காலியாக விடுவதுதான் என்னைத் தள்ளிவிடுகிறது.

எஞ்சின் ரூம் படியில் பார்த்து இறங்குங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக இருங்கள். மாதிரி நோயாளிகளின் கட்டங்களிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். என்னுடைய கட்டத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
தீப்பெட்டிக்குக் காவல் இருக்கும்
உங்கள் மனைவி