எறும்பு தின்ற விதைகள்

கனாடோ, அரிசோனா
ஜூன் 11

அன்பு மகள் டெல்ஃபினுக்கு அப்பா எமர்சன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அந்த மழை ஊரில் நீயும் மாப்பிள்ளையும், பிறந்து ஒரு மாதமே ஆன என் பேரனும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததை உறையில் போட்டு வைத்திருக்கிறாய், மாப்பிள்ளை அங்கே உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்துவிடலாம் என்கிறார், நீதான் கூடாது, நம் வழக்கப்படி ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உன் கொடியைப் புதைத்த ஜூனிப்பர் மரத்தடியிலேயே இவனுடையதும் இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாய். அம்மா இதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள், மூன்றாம் தரம் என்னால் படிக்க முடியவில்லை. மகளே, அந்த மரம் செத்து இரண்டு வருடம் ஆகிறது. மழை பொய்த்த வருடம் உச்சியில் இலை பழுக்க ஆரம்பித்து அடிவரை காய்ந்துவிட்டது. நீ வருவதற்குள் வேறொன்றை வளர்த்துவிடலாம் என்று நினைத்து உனக்கு எழுதாமல் இருந்தேன். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மரம் வளர்த்த கதையையும் கேள். ஜூனிப்பர் விதையின் ஓடு கல் மாதிரி, கீறிவிட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும் என்று வனத்துறை ஆள் ஒருவர் சொன்னார். இதற்கு ஏன் கஷ்டப்பட வேண்டும், எறும்புதான் கீறி வைத்திருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கெட்ட கனவு வராமலிருக்கக் குழந்தைகளுக்குக் கட்டுகிற விதைமணி மாலைக்காக, துளை விழுந்தவையாகப் பார்த்து அம்மா எறும்புப் புற்றுப் பக்கம் பொறுக்கி வைத்திருந்த விதைகளில் அறுபதை எடுத்துக் காலி காப்பித் தகர டப்பாக்களில் ஊன்றினேன். ஒரு குளிர்காலம், ஒரு கோடை, தினமும் தண்ணீர். குடிக்கிற தண்ணீரையே பீப்பாயில் ஏற்றிக்கொண்டு வருகிற நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. ஒன்றைத் தோண்டி எடுத்து உடைத்துப் பார்த்தேன், உள்ளே காற்றுதான் இருந்தது. எறும்பு துளை போடும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும், எதற்காகப் போடுகிறது என்று மட்டும் இந்த அறுபத்திரண்டு வயது வரை நான் யோசித்ததில்லை. அம்மா சிரித்த சிரிப்பில் நாய்கள் எழுந்து நின்றன. பருப்பை எறும்பு தின்னுட்டுப் போயிடுச்சு, வெறும் ஓட்டுக்கா இத்தனை நாள் தண்ணி ஊத்துனீங்க, அந்தத் தண்ணியில என் தலைமுடியாவது அலசியிருப்பேன் என்றாள். அவள் தம்பி, உன் கிளிஃப்டன் மாமா, சும்மா இருப்பாரா? மச்சான், அடுத்து ஆட்டெலும்பை ஊனுங்க, குட்டி முளைக்குதான்னு பார்ப்போம் என்று சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் எனக்கு உறுத்தல் நிற்கவில்லை. யாரும் நடாமல் இத்தனை மரம் எப்படி வந்தது? பிறகு ஒன்று கண்ணில் பட்டது. மேற்கு வேலியோரம் சின்னச் சின்னக் கன்றுகள் கோடு போட்டது போல நிற்கின்றன, கம்பிக்கு நேர் கீழே. பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு வந்து கம்பியில் உட்காருகின்றன, மீதியை நான் எழுத வேண்டியதில்லை. அந்த எச்சத்தைச் சுரண்டி வந்து அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து விதைகளை எடுத்தேன். அதற்காக இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. போன இலையுதிர்காலத்தில் அவற்றை ஊன்றி, டப்பாக்களைப் பனியிலேயே விட்டுவிட்டேன், இந்த ஏப்ரலில் இரண்டு முளைத்தன. ஒன்றை வெள்ளாடு தின்றுவிட்டது. மற்றொன்று தீக்குச்சி உயரம் இருக்கிறது. பெரிய மரத்தின் இலை செதில் செதிலாக இருக்கும் அல்லவா, இதற்கு முள்முள்ளாக இருக்கிறது, தொட்டால் குத்துகிறது. எந்த வயதில் அது மாறும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நான் பார்க்கப்போவதுமில்லை. இது உன் உயரம் வருவதற்குள் உன் மகனுக்குத் தலை நரைத்துவிடும்.

அதனால் இதை மரம் என்று உன்னிடம் காட்ட முடியாது. செத்த மரத்தை வேலிக்கால் போட வெட்டித் தாங்க என்று மாமா கேட்டார், மறுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் நீ வருவதற்குக் காரணமில்லாமல் போய்விடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை. அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். கொடியை மண்ணுலதானே வச்சோம், மரம் போனா மண்ணு எங்க போகும், அவ கொடி அங்கதான் இருக்கு, உள்ளதை எழுதிப் போடுங்க என்றாள். எழுதிவிட்டேன். இனி முடிவு உன்னுடையது. தபாலில் மட்டும் அனுப்பாதே, வருவதானால் அவனையும் தூக்கிக்கொண்டு வா.

ஜூனிப்பர் இலையை எரித்த சாம்பல் ஒரு பை அனுப்பியிருக்கிறோம். பால் கொடுக்கிறவள் நீலச்சோளக் கூழில் ஒரு கரண்டி கலந்து குடிக்க வேண்டும், எலும்புக்குப் பலம், மறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், நடக்கும் வழியெல்லாம் நல்லதாக இருக்க வேண்டுமென்று தினமும் விடியலில் கிழக்கே பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருவேளை இதைப் படித்த பிறகு அங்கேயே புதைப்பதென்று முடிவு செய்தால், மறைக்காமல் எழுது. வருத்தப்படுவேன், பிறகு சரியாகிவிடும். எந்த மரத்தடியில் என்று மட்டும் எழுதி அதன் விதையில் நாலு அனுப்பு. என் பேரனின் மரம் எப்படி முளைக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அப்பா,
எமர்சன் சிஸ்சில்லி